மூன்றாவது சரணம்

ஐயோனியைப் பற்றிப் பத்திரிகையில் அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். பிறந்த ஊர், பாடிய பாட்டுகளின் எண்ணிக்கை, புது ஆல்பத்துக்கு ஜப்பானில்கூட ஆள் இருக்கிறது என்ற சேதி, எல்லாம் சரிதான். ‘கிங்ஸ்டன் சந்துகளில் பாடித் திரிந்த லேடி ஸ்கெலியன் இன்று உலக மேடையில்’ என்று தலைப்பு. சந்துகளில் திரிந்தாளாம்! அவள் இருந்தது ஒரே சந்து. எங்கள் சந்து. என் டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற வளவில், கடைசி அறையில், முப்பத்தோரு வருஷம் இருந்தாள். அதை எழுதின பிள்ளை ஒரு நடை வந்து என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

என் பெயர் பர்ச்செல். வாரத்தில் ஆறு நாள் பஞ்சர் ஒட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்து முனையில் மைக் செட் கட்டி, எட்டு ஸ்பீக்கர் பெட்டி அடுக்கி, பாட்டுப் போடுகிறேன், சந்து ஜனம் ஆடும். டான்ஸ் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். கம்ப்யூட்டரில் பாட்டுப் போடும் பயல்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் இன்னும் இசைத்தட்டும் முள்ளுமாகத்தான் இருக்கிறேன். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மற்றது புரியாது. எங்கள் டான்ஸில் நல்ல பாட்டு முடிகிற வழக்கமே இல்லை. முதல் சரணத்தில் நாலு வரி போகும், ஜனத்துக்குப் பிடித்துவிட்டால் பக்கத்துத் தகர வேலியை இரண்டு கையாலும் அறைவார்கள், ‘திருப்பு, திருப்பு’ என்று கத்துவார்கள். உடனே நான் முள்ளைத் தூக்கிவிட வேண்டும். தூக்கி, நாலு வார்த்தை பேசி, பாட்டை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். அதுதான் மரியாதை. ஏழு தரம் திருப்பின பாட்டு என்றால் பெரிய பாட்டு. கடைசிவரை ஓடுகிற பாட்டு என்றால், அது ஓடும்போது ஜனம் ஒன்றுக்குப் போயிருக்கிறது, மீன் வாங்கப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதனால் எங்கள் ஊரில் பாட்டுக் கட்டுகிறவர்கள் கைவசம் இருப்பதையெல்லாம் முதல் சரணத்திலேயே கொட்டிவிடுவார்கள். மூன்றாவது சரணம் பெயருக்கு ஒன்று இருக்கும். ரேடியோக்காரன்கூட அதற்கு முன்னால் விளம்பரம் போட்டுவிடுவான்.

ஐயோனி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. செயின்ட் எலிசபெத் கிராமப்பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்துப் பக்கம் ஏற்றுமதி ஆடை ஆலையில் சட்டைக்குக் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். மற்றதையெல்லாம் வேறு யாரோ தைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வந்த வெங்காயத்தாள் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்து மைக் கேட்டாள். நெட்டையாக, ஒல்லியாக, காற்றடித்தால் ஒடிந்துவிடுவாள் போல இருந்தாள். ஐயோனி என்று பெயரைச் சொன்னாள். அந்தப் பெயருக்கு எவன் ஆடுவான்? வெங்காயத்தாளை நாங்கள் ஸ்கெலியன் என்போம். லேடி ஸ்கெலியன் வருகிறாள், வழிவிடுங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு அவள் கையில் கொடுத்தேன்.

அவள் பாடினது ஆலை மேஸ்திரியைப் பற்றி. எத்தனை தரம் கழிப்பறைக்குப் போனாய் என்று கணக்கு வைக்கிற மேஸ்திரி. தன் பெண்டாட்டியிடமும் இப்படித்தான் கணக்குக் கேட்பானா என்று அவள் கேட்ட வரியில் தகரம் ஒன்று ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த மாதமே அதை ரெக்கார்டு செய்தார்கள். அதற்கடுத்த பத்து வருஷம் அவளுக்கு நல்ல காலம். நாலைந்து பெரிய பாட்டு, இங்கிலாந்துக்கு இரண்டு பயணம். மேடை இறங்கினால் இதே சந்து, இதே அறை. வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நானும் கேட்டதில்லை.

பிறகு சின்னப் பெண்கள் வந்தார்கள், வேறு தாளம் வந்தது. ஐயோனியைக் கூப்பிடுவது குறைந்தது. பல்பொருள் அங்காடி திறப்பு விழாவில் தயிர் டப்பாக்களுக்கு நடுவில் நின்று பாடினாள். சாயங்காலம் வந்து வாசலில் உட்கார்ந்து கால் செருப்பைக் கழற்றிப் போடுவாள். அவளோடு பழகின ஒருத்தன் அவளையும் கூப்பிடுவதாகச் சொல்லி நியூயார்க் போனான், கூப்பிடவில்லை. என் கதையும் அதுதான். என் மனைவி டோரெட் கேமன் தீவில் ஓட்டல் வேலைக்குப் போனாள். முதலில் பணம் வந்தது, பிறகு கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. கடைக்குப் பின்னால் ஒரு பக்கம் ஐயோனி, ஒரு பக்கம் நான், நடுவில் ஒரு குழாயடி. காலையில் பாகற்கொடிக் கஷாயம் போட்டு, ரத்தம் சுத்தமாகும் என்று எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைப்பாள். கசப்பு நாக்கைப் பிடுங்கும். நான் மூஞ்சியைச் சுளிப்பதைப் பார்த்து நின்றுவிட்டுப் போவாள். இருபது வருஷம் இப்படியே ஓடிப்போனது.

அப்போதுதான் மான்ட்ரியாலிலிருந்து அந்த எத்தியென் வந்தான். இசைத்தட்டுக் கம்பெனிக்காரன். அவளுடைய பழைய தட்டு பதினொன்றையும் வைத்திருந்தான். அந்த ஊரில் ஆறு மாதம் பனி. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் கடைசி வரைக்கும் கேட்பானாம். என் கடையில் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, ஐயோனியின் மூன்றாவது சரணங்களில் எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அங்க வரைக்கும் யாருய்யா போவா?” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஏதோ இழவு வீட்டில் நான் பல்லைக் காட்டினதுபோல என்னைப் பார்த்தான்.

அவன்தான் அந்த ஆல்பத்தைச் செய்தான். பழைய பாட்டுகளையே எடுத்து, வேகத்தைக் குறைத்து, கிடார், பிடில் எல்லாம் சேர்த்து, ஒரு பிரெஞ்சுக்காரியைக் கூடப் பாட வைத்து, வெளிநாட்டு ரேடியோவுக்கு ஏற்றபடி செய்திருந்தான். சந்தில் விஷயம் தெரிந்ததும் கேலிக்குக் கேட்கவேண்டுமா? வெங்காயத்தாளைச் சாலட்டில் போட்டுவிட்டான்கள் என்றார்கள். ஆனால் கனடாவில் அது பிடித்துக்கொண்டது. எத்தியென் அவளை அங்கேயே வரச் சொன்னான். இரண்டு வருஷம், ஊர் ஊராகக் கச்சேரி. பதில் சொல்ல ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். நான் ஒரு டாக்சி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கையில் புதுத் தட்டு வைத்திருந்தாள்.

“பர்ச்சி, ஞாயித்துக்கெழம ‘கூரை’யப் போடு. இந்தப் புதுசு.”

‘கூரை’ எனக்குத் தெரிந்த பாட்டுத்தான். பதினெட்டு வருஷத்துக்கு முந்தினது. கூரை ஒழுகுகிறது என்று சொன்னால், மழைத் தண்ணீருக்குத் தனியாகக் காசு கேட்காமல் இருக்கிறேனே என்று சொல்கிற வீட்டுக்காரனைப் பற்றின பாட்டு. நூறு தரம் போட்டிருப்பேன், நூறு தரமும் தகரம் அதிர்ந்திருக்கிறது.

“போட்டாப் போச்சு” என்றேன்.

“முழுசாப் போடணும். யாரு தட்டினாலும் நீ முள்ளத் தூக்கக்கூடாது. கடைசி வரைக்கும் ஓடட்டும்.”

“தட்டுவாங்கன்னு நெனப்பு வேற இருக்கா உனக்கு?”

இப்படிச் சீண்டினால் பதிலுக்கு என் மைக் செட்டின் மானத்தை வாங்குவாள், அதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு வாங்கவில்லை.

“போறதா இருக்கிறதான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அந்தப் பாட்டு முடியட்டும். அப்புறம் பண்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போகக்கூடாது. இதை ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. அவள் போய்விட்டால் அந்த வளவில் எனக்கு யாரிருக்கிறார்கள்? அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். கடைசியில் எனக்கு ஒன்று பட்டது. பாவம், அவளுக்குப் பயம். இந்த மெதுவான பாட்டுக்கு ஒருத்தனும் தட்டமாட்டான், திருப்பாமல் ஓடிவிடும், மானம் போய்விடும் என்று பயம். அதனால்தான், அவள் சொல்லித்தான் நான் திருப்பவில்லை என்று ஜனம் நினைத்துக்கொள்ளட்டும் என முன்கூட்டியே அணை போடுகிறாள். எனக்கா புரியாது? முப்பது வருஷமாகப் பாடகர்களைப் பார்க்கிறேன். சந்து அவளை இன்னும் விரும்புகிறது என்று காட்டிவிட்டால் ஏன் போகப்போகிறாள்?

சனிக்கிழமை டாமினோ ஆடுகிற மேசைக்குப் போய் ஃபிட்ஸ்ராயைப் பிடித்தேன். பஸ் கண்டக்டர், கை இரண்டும் உலக்கை. முதல் சரணம் பாதி வந்ததும் நீயும் ஐந்து பேரும் தகரத்தைப் பிளந்துவிட வேண்டும் என்றேன். பதிலுக்கு என்ன என்று கேட்டான். ஒரு பானை ஆட்டுத்தலை சூப் என்றேன். வெங்காயத்தாள் நிறையப் போடச் சொல் என்று மேசையே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குச் சந்து நிறைந்துவிட்டது. ஐயோனி மேடை உடுப்பில் வரவில்லை. சாதாரண நீலப் பாவாடை, தலையில் துணி. கூட்டத்துக்குள் போகாமல் ஸ்பீக்கர் பெட்டி ஓரமாக, எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள். பாடகர்கள் தங்கள் பாட்டு ஓடும்போது ஜனத்தின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடா இது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

போட்டேன். கிடார் வந்தது, பிடில் வந்தது. இதென்ன சர்ச்சுப் பாட்டா என்று யாரோ சத்தமாகக் கேட்டான். நல்லவேளை, பாட்டுக்குள் வீட்டுக்காரன் வந்து சேர்ந்தான். ஃபிட்ஸ்ராய் கை வைத்தான். ஆறு பேரும் அறைந்தார்கள். ஆறு அறுபதாயிற்று. அந்த அறுபது நான் வாங்கினதில்லை, நிஜமாகவே வந்தது. நான் முள்ளைத் தூக்கினேன். நம்ம ஐயோனி, நம்ம சந்து, இவளை எந்தப் பனியாலும் கொண்டுபோக முடியாது என்று மைக்கில் கத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். மறுபடி தட்டினார்கள். மறுபடி தூக்கினேன். ஐந்து தரம். ஒரு தரம் இரண்டாவது சரணத்தின் முதல் வரிவரை போனது, அதற்கு மேல் ஜனம் விடவில்லை. அவள் தலையை அசைத்து அசைத்து ஏதோ சொன்னாள். சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலையும்போது பக்கத்தில் வந்து தட்டுப் பெட்டிமேல் கை வைத்து நின்றாள்.

“பாத்தியா எப்படிக் கொண்டாடுறாங்கன்னு? இனிமே எங்க போவே நீ?” என்றேன்.

“நல்லாப் போச்சு, பர்ச்சி” என்றாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். “நீ சூப்பக் குடி, ஆறிடப்போவுது.”

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. என்ன நன்றிகெட்ட ஜென்மம், ஐந்து தரம் திருப்பினேனே, இன்னும் என்ன வேண்டும் இவளுக்கு என்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை விமானம். அந்த வாரம் முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் கோப்பை வந்தது, குடித்தேன், கழுவி வைத்தேன். பெட்டியோடு டாக்சி ஏறும்போது, பனியில் வெங்காயத்தாள் முளைக்குமா என்று போய்ப் பார் என்றேன். வழியனுப்புகிற வார்த்தையா இது? அவள் சிரித்துவிட்டுத்தான் போனாள். வாய் நீளம் எனக்கு, வேறென்ன.

நாலு மாதம் போனது. அவள் அறையைப் பூட்டிச் சாவியை என்னிடம்தான் கொடுத்திருந்தாள். நான் திறக்கவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்க எனக்குப் போட்டியில்லை. பேச ஆளில்லாமல் டயரோடு பேச ஆரம்பித்திருந்தேன். தொலைபேசியில் அவள் இரண்டு தரம் கூப்பிட்டாள். கடையில் கூட்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது கடையில் ஒருத்தரும் இல்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் புது முள் மாற்றினேன். புது முள்ளைப் போட்டால் ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், எங்காவது இழுக்கிறதா, தாவுகிறதா என்று. கைக்கு அகப்பட்டது அவளுடைய ‘கூரை’. ஓடவிட்டுவிட்டு ஒரு லாரி டயரைக் கழற்ற உட்கார்ந்தேன். கடப்பாரை இரண்டும் சக்கரத்துக்குள், என் கை இரண்டும் கடப்பாரையில். விட்டால் முகத்தில் அடித்துவிடும். வீட்டுக்காரன் வந்தான், போனான். இரண்டாவது சரணம் வந்தது, போனது. தட்ட ஆளில்லை, தூக்கக் கையில்லை. மூன்றாவது சரணம் வந்தது.

வீட்டுக்காரன் அதில் இல்லவே இல்லை. எங்கள் ஊரை அடித்த அந்தப் பெரும் புயலுக்கு மறுநாள், இன்னும் மழை விடவில்லை. கதவுக்கு வெளியே ஒருத்தன் டார்ச்சோடு நிற்கிறான். உள்ளே ஒழுகுகிறதா என்று கேட்கிறான். இல்லை என்கிறாள். அவளுக்குப் பின்னால் மூன்று பாத்திரம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. சரி என்று அவன் திரும்பிப் போகிறான். போகிறவன் முதுகு நனைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே வந்திருப்பானே, வந்திருந்தால் போகவிட்டிருக்கமாட்டேனே என்று பாடுகிறாள். பிடில்கூட அந்த இடத்தில் சும்மா இருக்கிறது.

அந்தக் கதவு எனக்குத் தெரியும். அந்த டார்ச் என்னுடையது. அப்போது டோரெட்டின் கடைசிக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூரையைப் பார்க்கவா நான் போனேன்? என்ன கேட்பது என்று தெரியாமல் கூரையைக் கேட்டேன்.

டயரை அப்படியே போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன். பதினொரு பழைய தட்டையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசிப் பகுதியை மட்டும் போட்டுக் கேட்டேன். புயலுக்கு முந்தினவற்றில் அவள் அம்மா இருந்தாள், நியூயார்க் போனவன் இருந்தான், காலர் தைத்துத் தைத்து மரத்துப்போன விரல் இருந்தது. புயலுக்குப் பிந்தின நாலிலும் நான் இருந்தேன். எல்லாவற்றையும் முதல் ஆளாக வாங்கினவன் நான். மற்ற எவன் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருக்க வேண்டும். உட்கார்ந்து அழுதேன். அறுபத்திரண்டு வயதில் டயர்க் கடைக்குள் உட்கார்ந்து அழுவது பார்க்க நன்றாக இருக்காது, அதனால்தான் கதவைச் சாத்தியிருந்தேன்.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன்.

“ஒழுகுச்சா அன்னிக்கு?” என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது?

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“ஒழுகுச்சு, பர்ச்சி.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“பதினெட்டு வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த எடம் வர்றதுக்குள்ள நீ முள்ளத் தூக்கிடுறே.”

வந்துவிடு என்று மட்டும் சொன்னேன். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, நடுவில் வந்தால் எத்தியெனின் கம்பெனி மூழ்கிவிடும், அவன் நல்லவன் என்றாள். பிறகு அந்த ஊர்க் கச்சேரிகளைப் பற்றிச் சொன்னாள். நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார்களாம். கடைசி வரி வரைக்கும் ஒரு சத்தம் கிடையாதாம். முடிந்ததும் கைதட்டி, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்களாம்.

“எல்லாத்தையும் கேட்டுடுறாங்க, ஒருத்தரும் திருப்பச் சொல்ல மாட்டேங்கிறாங்க. ரூமுக்கு வந்தா குளிருது” என்றாள். இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு இந்தச் சந்து வேண்டியிருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ‘கூரை’யைப் போட்டேன். போட்டுவிட்டு இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். வீட்டுக்காரன் வந்ததும் தகரம் அதிர்ந்தது. நான் அசையவில்லை. திருப்பு என்றார்கள். அசையவில்லை. கிழவனுக்குக் கை விழுந்துவிட்டதா என்று ஃபிட்ஸ்ராய் கத்தினான். ஒரு பாட்டில் வந்து ஸ்பீக்கர் பெட்டிமேல் உடைந்தது. ஐயோனியை அவமானப்படுத்துகிறான் பார் என்று பெண்கள் என்னைத் திட்டினார்கள். அவள் மேல் உள்ள பிரியத்தில்தான் திட்டினார்கள். அதே பிரியத்தில் இன்னும் பலமாகத் தகரத்தை அறைந்தார்கள். இரண்டாவது சரணம் போய் மூன்றாவது வந்தது. அந்த இரைச்சலில் அதில் ஒரு வார்த்தை யார் காதிலும் விழவில்லை. என் காதிலும் விழவில்லை. எனக்கு மனப்பாடம் என்பதால் தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக வாய்க்குள் சொல்லி, முடிகிறவரை நின்றேன்.